ஜெபமாலையைச் சுற்றவைத்த மூன்று மாதங்கள்

மொபைல் போனுக்குப் படம் வரைந்து பிழைக்கிற எங்கள் தொழிலில், படம் நேராக நிற்கும்வரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். "இதைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்களேன்" என்று யாராவது சொல்கிற அன்றைக்குத்தான் பிழைப்பு கவிழும். இதே தொழிலில் இருப்பவர்கள் இந்த வரிக்கே ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். மற்றவர்களுக்கும் அவரவர் தொழிலில் இப்படி ஒன்று இருக்கத்தான் செய்யும், அதை நினைத்துக்கொண்டு படியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எழுந்து அழுதால் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கொடைக்கானலில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் ஆபீஸ். மொத்தம் மூன்று பேர். முதலாளி ஆரோக்கியம் சார். படம் போடுவதற்குச் செல்வராஜ் அண்ணன். முன்பு ஏரிக்கரைக் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். புரோகிராம் எழுத நான். வெளிநாட்டில் பக்திப் புத்தகம் போடுகிற ஒரு நிறுவனத்துக்கு, போனிலேயே ஜெபமாலை சொல்கிற மாதிரி ஒரு புரோகிராம் வேண்டுமாம். தொட்டால் வேலை செய்கிற புது வகை போன் இரண்டு அனுப்பிவைத்தார்கள். திரையில் மாலை இருக்கும். கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் மாலை சுழன்று அடுத்த மணி விரலுக்கு அடியில் வரும். சின்ன மணிக்குப் போன் லேசாக அதிரும், பத்து சின்ன மணிக்கு ஒருமுறை வருகிற பெரிய மணிக்கு நீளமாக அதிரும். கண்ணை மூடிக்கொண்டே சொல்லி முடிக்கலாம். எங்கள் வீட்டில் பழனி முருகன்தான். ஆனால் கான்வென்ட் ஹாஸ்டலில் பத்து வருஷம் தினமும் சாயங்காலம் முழங்கால் போட்டு ஜெபமாலை சொன்னவள் நான். "இதுக்கு நீதாம்மா ஆளு" என்று சார் என் தலையில் கட்டினார்.

மூன்று மாதம் பார்த்துவிட்டு, கிளையன்ட் சரியென்றால் வேலை நிரந்தரம் என்று பேச்சு. எனக்கு அது வெறும் வேலை இல்லை. என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். போன மழையில் தாண்டிக்குடிப் பாதையில் ஜீப் சரிந்து, இடுப்பெலும்பு முறிந்து, வடகவுஞ்சியில் அவர் அம்மா வீட்டில் கம்பு ஊன்றி நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். சம்பாதிக்க நான் ஒருத்திதான். மலையில் இந்த மாதிரி வேலைக்கு வேறு ஆபீஸ் கிடையாது. வேலை நிலைத்தால் பத்து மாதக் குழந்தையோடு செண்பகனூரில் இந்த ஒற்றை அறையில் இருந்துகொள்ளலாம். நிலைக்காவிட்டால் நான் பெங்களூருக்கு, பாப்பா வடகவுஞ்சிக்கு. பெங்களூர் லேடீஸ் ஹாஸ்டலில் குழந்தையைச் சேர்க்க மாட்டார்களே. அத்தை போட்ட இந்த ஏற்பாட்டுக்கு நானும் தலையாட்டிவிட்டேன். அன்றைக்குப் பிடித்த பயம்தான்.

நடுவில் ஆணி இல்லை

முதல் வாரம் மாலையை நேராக வரைந்துவிட்டேன். லட்சணமாக நின்றது. அரைச் சுற்று சுற்றச் சொல்லி ஒரு வரி சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். திரை காலி. தப்பு என்று ஒரு வார்த்தைகூடப் போன் சொல்லவில்லை. வரியை எடுத்தால் மாலை இருக்கிறது, சேர்த்தால் இல்லை. ஒரு பகல் முழுக்க எடுப்பதும் சேர்ப்பதுமாகவே போனது.

காரணத்தை இப்போது சொல்வது சுலபம். சுவரில் ஆணியில் மாட்டிய அட்டையைச் சுற்றினால் அது ஆணியைச் சுற்றித்தான் வரும். ஆணி நடுவில் இருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். நாம் எடுத்துச் சொல்லாதவரை போன் அந்த ஆணியை இடதுபக்க மேல் மூலையில்தான் அடிக்கும். மூலையைச் சுற்றி அரை வட்டம் போட்ட மாலை திரையைத் தாண்டி மேலே எங்கேயோ போய்க் கிடந்திருக்கிறது. அன்றைக்கு அது தெரியவில்லை. செண்பகனூர் பஸ்ஸும் போய்விட்டது, பாப்பா என்னைத் தேடி அழுவாளே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்வராஜ் அண்ணன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏந் தங்கச்சி, மாலைய எவனோ அத்துக்கிட்டு ஓடிட்டான் போலருக்கே. ஒங் கழுத்துல காயம் கீயம் இருக்கான்னு பாத்துக்க."

சிலுவை போன இடம்

ஆணியை நடுவில் அடித்ததும் மாலை சுழன்றது. கால் சுற்று வந்தபோது சிலுவையைக் காணோம்.

ஒவ்வொரு படத்துக்கும் போன் ஒரு கட்டம் ஒதுக்கித் தருகிறது. கட்டத்துக்குள் வரைந்தது தெரியும். வெளியே வரைந்ததைக் கத்தரித்துவிடும், ஏன் எதற்கு என்று கேட்காது. ஜெபமாலை வெறும் வட்டமாக இருந்தால் நான் தப்பித்திருப்பேன். வட்டத்திலிருந்து வால் மாதிரி ஐந்து மணியும் கடைசியில் சிலுவையும் தொங்குகிறதே! நேராக நின்றபோது அந்த வால் உயரமான கட்டத்துக்குள் அடங்கியது. பக்கவாட்டில் திரும்பியதும் அகலம் போதவில்லை. சரியாகச் சிலுவை ஆரம்பிக்கிற இடத்தில் வெட்டு விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆரோக்கியம் சார் காபி டம்ளரோடு வந்தார். "இருக்கு சார். கட்டத்துக்கு வெளிய போயிருக்கு. போன் அத வரையல, அவ்வளவுதான். ஆனா அங்கதான் இருக்கு" என்று படபடவென்று விளக்கினேன். அவர் ஒரு வாய் காபி குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "சிலுவை இல்லாத ஜெபமாலைக்குப் பேரு பாசிமணிம்மா. அத ஏரிக்கரையில கூடையில வெச்சு விக்கிறாங்க."

சுருக்கியது

கட்டத்தைப் பெரிதாக்க முடியாது, திரை அவ்வளவுதான். மாலையைச் சுருக்கலாமே என்று தோன்றியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சிலுவை உள்ளே நிற்கிற அளவுக்குச் சுருக்கினேன். சிலுவை நின்றது. மணிகள் கடுகாகிவிட்டன. கட்டைவிரலை வைத்தால் ஒரே நேரத்தில் ஆறு மணி மறைந்தது. செல்வராஜ் அண்ணன் ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு மணியிலும் வெளிச்சம் விழுகிற மாதிரி வரைந்து கொடுத்திருந்தார். அந்த வெளிச்சம் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியவில்லை.

கடைசியில் வாலை மட்டும் தனியாகப் பிரித்து, அசையாமல் கீழே தொங்கவிட்டு, வட்டத்தை மட்டும் சுழற்றினேன். கையில் பிடித்துச் சொல்லும்போதும் சிலுவை சும்மா தொங்கிக்கொண்டுதானே இருக்கும்? பத்து வருஷம் கையில் பிடித்திருந்த எனக்கு இது தோன்ற ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் ராத்திரி சோறு இறங்கவில்லை. கடுகு மாலையை முதன்முதலாகப் பார்த்த அன்று செல்வராஜ் அண்ணன் கோபிப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கோபிக்கவில்லை, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்: "கடைப் போர்டுல எழுத்து எடம் பத்தலன்னா மிச்சத்தச் செவுத்துல எழுதி முடிச்சிருவேன் தங்கச்சி. ஒம் போனுக்குச் செவுரே இல்லியே, நீ என்ன செய்வ பாவம்."

கையுறை

சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே. சார் எங்கள் கான்வென்ட்டுக்குப் போய்ச் சிஸ்டர் அமலாவைப் பிடித்துவிட்டார். ஹாஸ்டல் சமையல்கட்டைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் அது உள்ளே போகும்வரை பக்கத்திலேயே நிற்பார். இப்போது ஓய்வு. இரண்டு கண்ணிலும் புரை. நாளெல்லாம் ஜெபமாலைதான், அதுவும் விரலால் தடவித்தான். கண்ணை மூடிச் சொல்கிற மாலைக்கு இவரைவிட ஆள் கிடைக்குமா? இரண்டு போனில் ஒன்று சிஸ்டரிடம் போனது. மற்றது என் மேஜையில்.

மறுநாளே சேதி வந்தது: மணி நகரவே இல்லை. என் மேஜையில் நகர்கிறது, அங்கே நகரவில்லை. இரண்டு நாள் ஒவ்வொரு வரியாகத் தேடினேன். நன்றாக இருந்த இரண்டு இடங்களைத் திருத்துகிறேன் என்று கெடுத்தும் வைத்தேன். உங்களுக்கும் நடந்திருக்கும், இல்லாத தப்பைத் தேடும்போதுதான் புதுத் தப்புகள் பிறக்கும். கடைசியில் நேரில் போய்ப் பார்ப்போம் என்று கான்வென்ட்டுக்குப் போனேன். தை மாதத்துக் குளிர். வராந்தாவில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கம்பளிக் கையுறை போட்ட கட்டைவிரலால் சிஸ்டர் போனை இடித்துக்கொண்டிருந்தார். இந்த வகைப் போனுக்கு வெறும் விரல் பட்டால்தான் தெரியும் சிஸ்டர், கையுறையைக் கழற்றுங்கள் என்றேன். சிஸ்டர் அமலா போனை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்: "மாதா இத்தன வருஷமா கையொற போட்டுச் சொன்னதையும் கேட்டுக்கிட்டுத்தான இருக்காங்க. ஒம் போனு அவங்களவிடப் பெரிய ஆளாடி?"

ஆளும் பேரும்

பாப்பாவைப் பகலில் பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா பார்த்துக்கொள்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். ஒரு சனிக்கிழமை போனை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். வட்டம் சுழன்றபிறகு, மேலே வந்து நிற்கிற பெரிய மணியைத் தொட்டால் அங்கிருந்து ஆரம்பிக்கிற மாதிரி ஒரு வசதி செய்திருந்தேன். பெருமையாக அக்காவிடம் நீட்டினேன். அவர் மணியைத் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. அழுத்தித் தொட்டார். அப்போதும் ஆகவில்லை. பாப்பா கையை நீட்டி, ஒன்றுமே இல்லாத ஒரு ஓரத்தில் தட்டினாள். மாலை குதித்தது.

படத்தைச் சுற்றினேன், சரி. விரல் பட்டால் தெரிந்துகொள்கிற இடத்தை யார் சுற்றுவது? அது மாலை சுழலாமல் இருந்தபோது எங்கே இருந்ததோ அங்கேயே குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறது. மணி ஒரு பக்கம் தெரிகிறது, தொட வேண்டிய இடம் இன்னொரு பக்கம். படத்தை எவ்வளவு திருப்பினேனோ அவ்வளவு விரலையும் திருப்பிக் கணக்குப் போட வேண்டும். ராசம்மா அக்காவுக்கு இதைப் பாதிதான் சொன்னேன், மீதியை அவரே பிடித்துக்கொண்டார். தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்குமே, லயம் என்பார்கள், அதை வைத்துச் சொன்னார்: "இது எங்க தோட்டத்துக் கததான் புள்ள. ஆளு ஒரு லயத்துல குடியிருக்கும், பேரு வேற லயத்துல பதிஞ்சு கெடக்கும். அரிசி பேருக்குத்தான் வரும், பசி ஆளுக்குத்தான் வரும்."

அத்தையின் போன்

மூன்றாவது மாதம் ஆரம்பித்த அன்று அத்தை போன் செய்தார். நான் வேலையில் என்ன செய்கிறேன் என்று அவருக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அவர் வடகவுஞ்சி முழுக்க, மருமகள் மாலை கட்டுகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். அன்றைக்குப் பாப்பாவுக்கு நெஞ்சில் சளி. மூச்சு விடும்போது கொர்கொர் என்று சத்தம். அந்தச் சத்தம் போனில் அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று வாசலுக்கு வந்து நின்று பேசினேன். பனி இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. வேலை நிச்சயமாயிற்றா என்று கேட்டார். இந்த மாசக் கடைசியில் தெரியும் அத்தை என்றேன். குரலைக் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. மகனை எழுப்பி நடக்கவைத்துக்கொண்டிருப்பவர். பூண்டுக் காட்டு வேலையையும் அவரேதான் பார்க்கிறார். நான் பயப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அப்படிப் பேசுகிறார் என்றும் தெரியும். ஆனாலும் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏத்தா, எதுக்கு இப்படிச் செத்துச் செத்துப் பொழைக்கிற? புள்ளயக் கொண்டாந்து இங்க விட்டுப்போட்டு வெரசா பெங்களூருக்குக் கெளம்பு. பாலு இங்க கெடக்கு, ஒஞ் சோலி அங்க கெடக்கு."

பத்துக்குப் பதினொன்று

அந்த வாரச் சனிக்கிழமை கான்வென்ட்டுக்குப் போனதும், கையுறையைக் கழற்றிவிட்டு முழுசாகச் சொல்லிப் பார்த்திருந்த சிஸ்டர் அமலா ஆரம்பித்துவிட்டார். பத்து சின்ன மணிக்குப் பிறகு வர வேண்டிய நீள அதிர்வு பதினொன்றுக்குப் பிறகுதான் வருகிறதாம். ஒரு பத்தில் மட்டுமல்ல, எல்லாப் பத்திலும். என் மேஜையில் இருந்த போனிலும் அதே தப்புதான் இருந்திருக்கிறது. நாங்கள் மூன்று பேருமே நாலு தட்டு தட்டி மணி நகர்கிறதா என்று பார்த்தோமே தவிர, ஒருவரும் முழு ஜெபமாலை சொல்லிப் பார்க்கவில்லை.

திருத்திவிடுகிறேன் சிஸ்டர், சாரிடம் சொல்லிவிடாதீர்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தாரா என்று தெரியவில்லை, புரை விழுந்த கண்ணால் என்ன தெரியும்? குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சளியைச் சொன்னேன். நான்கு நாளாகத் தூங்காததைச் சொன்னேன். பெங்களூரைச் சொன்னேன். எல்லாம் கொட்டிவிட்டது. சிஸ்டர் கொஞ்ச நேரம் போனைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, சமையல்கட்டில் பேசுகிற அதே அதட்டல் குரலில் சொன்னார்: "அழாத. கூடுதலா வர்ற அந்த ஒண்ண ஒம் புள்ளைக்காகச் சொல்லிப்போடுறேன். நீ சரிபண்ணுற வரைக்கும் பத்துக்கு ஒண்ணு அவளுக்கு."

திருத்தாத போன்

தப்பைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வட்டத்தில் சின்னதும் பெரியதுமாக ஐம்பத்து நாலு மணி, ஒரு மாதா பதக்கம், ஆக ஐம்பத்தைந்து இடம். முன்னூற்று அறுபது டிகிரியை ஐம்பத்தைந்தால் வகுத்தால் ஆறரைக்குக் கொஞ்சம் மேலே வரும். வரைகிற இடத்தில் அதைச் சரியாகத்தான் போட்டிருந்தேன். சுழற்றுகிற இடத்தில் மட்டும் முழு எண்ணாக வைத்துக்கொள் என்று எழுதியிருந்தேன். போன் அந்த அரையையும் மிச்சத்தையும் உதறிவிட்டு, ஒரு தட்டுக்கு ஆறு டிகிரிதான் சுழற்றியது. தட்டத் தட்ட மாலை பின்தங்கிக்கொண்டே வந்து, பெரிய மணி விரலடிக்கு வருவதற்குள் ஒரு தட்டு கூடுதலாகிவிடும். ஒரு வார்த்தை மாற்றினேன், ஆபீஸ் போனில் பத்துக்குப் பத்து வந்தது.

சிஸ்டர் போனிலும் புதியதை ஏற்ற வேண்டும். கேபிளும் லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு போனேன். போனைக் கையில் வாங்கினேன். அந்த வாரம்தான் பாப்பாவின் சளி இறங்கி, மூச்சுச் சத்தம் அடங்கியிருந்தது. டாக்டர் கொடுத்த மருந்து இருக்கிறது, ராசம்மா அக்கா நெஞ்சில் தேய்த்த தைலம் இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். கணக்குப் படித்தவள்தான் நான். ஆனால் கேபிளைச் சொருகினால் பத்துக்கு ஒன்று நின்றுவிடும். நானே என் கையால் நிறுத்தினதாகிவிடும். நீங்களும் பிள்ளை பெற்றவர்களாக இருந்தால் சிரிக்க மாட்டீர்கள். கிளையன்ட்டுக்குக் காட்டுகிற டெமோவுக்கு எப்படியும் ஆபீஸ் போன்தானே, அது சரியாக இருக்கிறதே, சிஸ்டர் போனில் அடுத்த வாரம் ஏற்றிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "கொஞ்சம் கஷ்டமான தப்பு சிஸ்டர், இன்னும் நாளாகும்" என்று பொய்யும் சொன்னேன். சிஸ்டர் அமலா தலையைக்கூடத் தூக்கவில்லை: "ஒண்ணும் அவசரமில்ல. நாம் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

டெமோ

கிளையன்ட்டின் ஆள் சென்னையிலிருந்து வந்தார். தாமஸ் சார் என்று பெயர். ஆபீஸ் போனைத் துடைத்து, சார்ஜ் ஏற்றி, கைக்குட்டை மேல் வைத்திருந்தேன். அப்போது ஆரோக்கியம் சார் வாசலில் ஒரு டாக்ஸியிலிருந்து சிஸ்டர் அமலாவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர் கையில் அந்தத் திருத்தாத போன். "எங்க டெஸ்டர் இவங்கதான் சார், தெனமும் இதுலதான் சொல்றாங்க" என்று பெருமையாகச் சொன்னார். என்னிடம் முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தாமஸ் சார் சட்டைப் பையிலிருந்து தன் ஜெபமாலையை எடுத்தார். நீங்கள் போனில் சொல்லுங்கள் சிஸ்டர், நான் இதில் கூடவே சொல்கிறேன் என்றார். முதல் பத்து. அவர் பெரிய மணிக்கு வந்து நின்றுவிட்டார், சிஸ்டர் இன்னும் ஒன்று சொன்னார். இரண்டாம் பத்திலும் அப்படியே. அவர் ஆபீஸ் போனை எடுத்துத் தட்டிப் பார்த்தார். பத்து. இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதில் சரியாக இருக்கிறதே, அதில் ஏன் மாற்றவில்லை என்று கேட்டார். மறந்துவிட்டேன் சார் என்றேன். வேறு என்ன சொல்ல? "தப்பு வர்றது சகஜம்மா. கண்டுபிடிச்சு சரிபண்ணின தப்ப ஒரு போன்ல மட்டும் விட்டுவெச்சா, நாங்க எத நம்பி ஊருக்கெல்லாம் குடுக்கிறது?" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் பேச்சில் ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நாலாம் நாள் சென்னையிலிருந்து கடிதம் வந்தது, வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுக்கிறார்களாம். வேலையே இல்லாமல் ஆளை எப்படி வைத்துக்கொள்வது? ஆரோக்கியம் சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மறந்துட்டேன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாத விஜயா. நீ எதையும் மறக்கிற ஆளு இல்ல. அதான் எனக்கு ஒண்ணும் வெளங்கல."

போனைத் திருப்பி வாங்கியது

போன் இரண்டையும் திருப்பி அனுப்ப வேண்டும். சிஸ்டர் அமலாவிடம் இருந்ததை வாங்கப் போனேன், நேற்று. பாப்பாவையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். வராந்தாவில் அதே நாற்காலி, அதே சால்வை. போனை வாங்கிப் பையில் போட்டபிறகு சொல்லிவிட்டேன். தப்பை அந்த வாரமே திருத்திவிட்டேன் சிஸ்டர், உங்கள் போனில் மட்டும் வேண்டுமென்றேதான் ஏற்றவில்லை, ஏற்றினால் இவளுக்காகச் சொல்வது நின்றுவிடும் என்று பயமாக இருந்தது என்றேன். வீட்டுக்காரரிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை.

சிஸ்டர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். பாப்பாவின் காலைத் தேடிப் பிடித்துக்கொண்டார். ஹாஸ்டலில் பருக்கை மிச்சம் வைத்தவளைப் பார்க்கிற மாதிரி என் பக்கம் திரும்பினார். "அடி பைத்தியக்காரி! நீ அதச் சரிபண்ணிக் குடுத்திருந்தாலும் நான் பதினொண்ணுதான்டி சொல்லியிருப்பேன். ஒம் புள்ளைக்குச் சொல்றதுக்கு எனக்குப் போனு எதுக்கு?"

கட்டத்துக்கு வெளியே போனதைப் போன் வரையாதே தவிர அது அங்கேதான் இருக்கிறது என்று மூன்று மாதம் எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்த நான், ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே பாப்பாவை வடகவுஞ்சியில் இறக்கிவிட்டுப் பெங்களூர் பஸ்ஸில் உட்கார்ந்து, அதையே எனக்கு விளக்கிக்கொள்ள வேண்டும்.